குடம் தூக்கி வாங்கிய கல்லூரி

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குழுவினர் படிக்கட்டின் பாதியில் நிற்கிறார்கள். கீழே இறங்க வழியில்லை. கடைசிப் படியிலிருந்து சந்துமுனை வரைக்கும் குடங்கள். எவர்சில்வர் குடம், பித்தளைக் குடம், இடுப்பு நெளிந்த குடம், தட்டு போட்டு மூடிய குடம். எல்லாவற்றிலும் கழுத்துவரை தண்ணீர். குழுத் தலைவி அம்மாள் சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று பார்க்கிறார்.

குடங்களுக்கு நடுவே நாங்கள் நிற்கிறோம். தாராவியில் நாலு பேர் மதிக்கும் வியாபாரிகள். வேட்டியை மடித்துக் கட்டி, பனியன் நனைந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறோம்.

எங்கள் சமுதாயக் கல்லூரியைப் பற்றி யார் கேட்டாலும் என் கண்ணுக்குள் முதலில் வருவது இந்தக் காட்சிதான். செம்பூரில் இப்போது நிற்கிற லிஃப்ட் வைத்த கட்டடம் அதற்கு அப்புறம்தான் வரும்.

போன வாரம் என் பாத்திரக்கடைக் கதையை எழுதினேன் அல்லவா, மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "பாத்திரம் வித்தது போதும் சார், காலேஜ் எப்ப வரும்?" என்று கேட்டார். வந்தாச்சு சார். ஆனால் பாத்திரமும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரணில் பிறந்தது

சமுதாயக் கல்லூரி என்பது கிராமத்துக்கென்று யோசித்த சங்கதி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வருடத்தில் ஒரு தொழிலும் அதற்கு வேண்டிய படிப்பும் கொடுத்து, வேலைக்கு அனுப்பிவைப்பார்கள். ஜானகி மேடம் தென்பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, தலைக்குள் பூச்சி புகுந்த மாதிரி பம்பாய் திரும்பியிருந்தார்.

ஜானகி மேடம் மாட்டுங்காக்காரர். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். என் கடைக்குக் காபி ஃபில்டர் வாங்க வந்தவர், அண்ணாந்து கடைக்கு மேலே இருந்த பலகைப் பரணைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மேல என்ன வெச்சிருக்கேள்?"

"பழைய அண்டா, அட்டைப்பெட்டி, எலி" என்றேன்.

"காலி பண்ணிக் குடுத்தேள்னா ஒரு காலேஜ் நடத்தலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டிக்காட்டுக் காலேஜ் பம்பாய்ல எதுக்கு மேடம்?"

"தாராவில சந்துக்கு ஒரு கிராமம் இருக்கே, தெரியாதா? ஊர்ல இருந்து மூட்டையைக் கட்டிண்டு வந்தவாதானே எல்லாரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி செல்லக்கனி பரண் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். "எடுத்துக்கிடுங்க மேடம். இவிய அப்படித்தான் யோசிச்சிக்கிட்டே இருப்பாவ" என்றாள். எங்கள் வீட்டில் முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படும். அதற்குப் பிறகு நான் சம்மதிப்பேன்.

முதல் படிப்பு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவிச் செவிலியர் படிப்பு. மேலே சாக்கு விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கீழே நான் பாத்திரத்தில் பெயர் வெட்டுவேன். பெயர் வெட்டும் மெஷின் போடுகிற சத்தம் உங்களுக்குத் தெரியும், பல் டாக்டரிடம் போனவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மெஷின் கிர்ர்ர் என்றதும் மேலே தொம் தொம்மென்று மேடம் காலால் பலகையை உதைப்பார்.

"அண்ணாச்சி! கொஞ்சம் நிறுத்தறேளா? இதயத் துடிப்பு கேட்கக் கத்துக் குடுத்துண்டிருக்கேன். உங்க மெஷின்தான் கேக்கறது!"

என் கடையில் என்னையே அதட்டினார். நிறுத்திவிட்டு வெளியே போய் ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, குடித்துவிட்டு வருவேன். வேறு என்ன செய்ய?

குழாய் நின்றால் வகுப்பு

மேடம் முதலில் காலை ஏழு மணிக்கு வகுப்பு என்று அறிவித்தார். ஒருத்தியும் வரவில்லை. ஏழு மணி என்பது எங்கள் சந்தில் தண்ணீர் வரும் நேரம். அந்த நேரத்தில் கல்யாண முகூர்த்தம் வைத்தால்கூடப் பெண் வரமாட்டாள்.

மேடம் அதற்காகக் கோபப்படவில்லை. பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். மறுநாள் பலகையில் மணியை அழித்துவிட்டு, 'தண்ணீர் நின்று அரைமணி கழித்து வகுப்பு' என்று எழுதினார். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே குழாயைப் பார்த்து நடந்த கல்லூரி எங்களுடையதாகத்தான் இருக்கும். குடத்தை இறக்கி வைத்து, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சிலருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது; பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் இந்திதான். அவர்களுக்கு மேடம் பாதிப் பாடத்தை இந்தியில் சொல்வார். அவருடைய இந்தியைக் கேட்டு அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்படியே பாடமும் மண்டையில் ஏறிவிடும்.

பரண் போதவில்லை. அப்போதுதான் பால்துரை அண்ணாச்சி கதைக்குள் வருகிறார்.

பெரிய எழுத்துப் பால்துரை

பால்துரை அண்ணாச்சிக்கு மொத்த மளிகை வியாபாரம். கடையும் வீடும் கீழே, மேலே ஒரு மாடி சும்மா கிடந்தது. வாசலில் அவர் பெயர் பொறித்த சலவைக்கல் ஒன்று பதிப்பதாகச் சொன்னதும் மாடியைக் கொடுத்துவிட்டார். கல்லில் அவர் பெயர் மேலே பெரிதாகவும், கல்லூரியின் பெயர் அதற்குக் கீழே சின்னதாகவும் இருந்தது.

பெயர் விஷயத்தில் அண்ணாச்சி அப்படித்தான். சந்தில் பாதிப் பேருக்கு அவர் தாய்மாமன் முறை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை என்று எங்கே விசேஷம் நடந்தாலும் என் கடையில் ஒரு குடம் வாங்கிச் சீர் வைப்பார். நம் ஆட்கள் பெயர் வெட்டாமல் பாத்திரத்தை எடுத்துப்போக மாட்டார்கள். அதுவும் சீர்ப் பாத்திரத்தில் வாங்கிக்கொள்கிறவர் பெயர் இருக்காது, கொடுக்கிறவர் பெயர்தான் இருக்கும்.

"வே, பேரப் பெருசா வெட்டும். எறும்பு ஊருன மாதிரி வெட்டாதியும்" என்பார். நானும் வெட்டுவேன். குடத்தின் கழுத்தைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு 'அன்பளிப்பு சு. பால்துரை' என்று ஓடும்.

எது யார் வீட்டுக் குடம் என்று பெண்களுக்குத் தெரியும். ஒருத்தி கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருப்பாள், இன்னொருத்தி அடியில் நகப்பூச்சு வைத்திருப்பாள். நெளிவைத் தடவிப் பார்த்தே சிலர் தங்களுடையதை எடுத்துவிடுவார்கள். வெட்டிய பெயரை யாரும் படித்ததேயில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எஸ்தர் கேட்ட கேள்வி

வகுப்பு நன்றாகப் போனது. அங்கீகாரம்தான் இல்லை. பல்கலைக்கழகத்து முத்திரை இல்லாத சான்றிதழை எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது. முதல் அணியில் எஸ்தர் என்று ஒரு பெண் இருந்தாள். நாசரேத் பக்கத்துக் குடும்பம், கணவர் பை தைக்கும் பட்டறையில் வேலை. படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துப் பார்த்தே நோயாளியைப் புரட்டவும் துடைக்கவும் கற்றவள். செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பேசி வைத்திருந்தாள். முத்திரையோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகக் குழு முதல்முறை வந்த நாளில் குழாய் எங்களைக் கவிழ்த்துவிட்டது. தண்ணீர் தாமதமாக வந்தது. வகுப்பில் முக்கால்வாசி நாற்காலி காலி. "தண்ணீர் வந்துவிட்டது" என்று மேடம் சொன்னதைத் தலைவி அம்மாள் நம்பவில்லை. சாக்கு சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார். இன்னொரு முறை வருவோம், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் முறைக்கு நாள் குறித்தாயிற்று. காலை ஒன்பதுக்கு வருகிறார்கள். முந்தின நாள் மதியம், மாநகராட்சி ஆள் சந்து சந்தாகச் சொல்லிக்கொண்டு போனான். பெரிய குழாயில் ரிப்பேர். நாளைக்கு எட்டரைக்கு மேல்தான் தண்ணீர் வரும், அதற்கடுத்த நாள் வரவே வராது.

குழு வருகிற அதே நேரம். அப்போதுதான் எஸ்தர் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு நான் வகுப்புல இருந்தா வீட்டுல ரெண்டு நாளைக்குத் தண்ணி கிடையாது. படுக்கையில கிடக்க மனுஷிய எப்படித் துடைக்க? தண்ணி பிடிக்கப் போனா என் வேலை போச்சு. எதைச் செய்யச் சொல்லுதிய?"

அழவில்லை. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தராசைத் துடைப்பது போல் பாவனை செய்தேன். எனக்குப் பின்னாலிருந்து செல்லக்கனி குரல் வந்தது.

"குடம் விக்கத் தெரியுதுல்லா? தூக்கத் தெரியாதோ?"

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். ஒங்க கூட்டாளி எல்லாத்துக்குந்தான். ஒருநாள் ஆம்பளைங்க பிடிச்சா பைப்பு என்ன கோவிச்சுக்கிட்டு நின்னுருமா?"

என் வாழ்க்கை முழுக்கக் குடம் விற்றிருக்கிறேன். ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், தட்டிக் காட்டியிருக்கிறேன். தண்ணீரோடு ஒரு குடத்தைத் தூக்கியதில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கே உறைத்தது.

பால்துரை அண்ணாச்சி மசிந்த கதை

பால்துரை அண்ணாச்சி வராமல் மற்றவர்கள் வரமாட்டார்கள். போனேன். கேட்டதும் குதித்தார்.

"என்னவே, வெளையாடுதீரா? வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பைப்புல போய் நான் நிக்கணுமாக்கும்? ஹோல்சேல் யாவாரம் பண்ணுதேன் வே! நாளைக்கு எவன் எனக்குப் பயப்படுவான்?"

"சரி அண்ணாச்சி. நீங்க வர வேண்டாம்" என்று எழுந்தேன். வாசலில் நின்று சலவைக்கல்லைத் தடவிப் பார்த்தேன். "நல்ல கல்லு. அங்கீகாரம் போச்சுன்னா மாடி மறுபடியும் காலிதான். ஆளில்லாத மாடிக்குப் பேரு எதுக்கு? கழட்டித் தாங்க, செல்லக்கனி அம்மிக்குக் கல்லு கேட்டுக்கிட்டு இருக்கா."

அவர் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏட்டி, எத்தனை மணிக்குத் தண்ணி வருதாம்?" என்று சத்தம் கொடுத்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன்.

அந்தக் காலை

எட்டரைக்குப் பெண்கள் எல்லாரும் குடங்களைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டு மாடியேறிவிட்டார்கள். நாங்கள் வந்து நின்றோம். பக்கத்துச் சந்து மராத்திப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "அரே, ஆஜ் சேட் லோக் ஆயா!" என்று ஒருத்தி கத்தினாள். இன்றைக்கு முதலாளிமாரே வந்துவிட்டார்களாம்.

குடத்தை எப்படித் தூக்குவது என்பதே எங்களுக்குப் பெரும் பிரச்சினையாக இருந்தது. பெண்கள் இடுப்பில் வைக்கிறார்கள். எங்களுக்கு இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் தொந்தி இருந்தது. ஒருவர் தோளில் வைத்தார், தண்ணீர் முதுகில் இறங்கியது. நான் பிள்ளையை அணைப்பது போல் கட்டிக்கொண்டு நடந்தேன். பத்தடி போவதற்குள் முட்டி ஆடிவிட்டது. இதைத் தினமும் இவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே செய்கிறார்களே என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

எந்தக் குடம் யார் வீட்டுக்கு என்ற கேள்வி அப்புறம்தான் எழுந்தது. பால்துரை அண்ணாச்சி தளபதி மாதிரி நின்று உத்தரவு போட்டார்.

"மூளை இருக்கால உங்களுக்கு? பேரு வெட்டிருக்குல்லா! படிச்சுப் பாத்து அந்தந்த வீட்டுல கொண்டு வைங்கல!"

படித்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாத இளவட்டங்கள் பக்கத்திலிருந்தவரிடம் காட்டிக் கேட்டார்கள். "பால்துரை." அடுத்த குடம்? "பால்துரை." அதற்கடுத்தது? "இதுவும் பால்துரைதான்." அவரவர் அவசரத்தில், பெயர் வெட்டிய நான்கூட நின்று யோசிக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருந்தோம். அந்த வாசல்தான் கல்லூரி மாடிப்படியின் அடிவாரம்.

குழு எப்போது மாடியேறியது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மேலே நடந்ததை மேடம் அப்புறம் சொன்னார். நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. தலைவி அம்மாள் எஸ்தரைக் கூப்பிட்டு, தன் கையையே நீட்டி ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். எஸ்தர் நடுங்காமல் பார்த்துச் சொன்னாள்.

"போன முறை நீ இல்லையே?" என்று இந்தியில் கேட்டார் தலைவி.

"வந்தேன் மேடம். நான் ஓடி வரும்போது நீங்க காரில் ஏறிட்டீங்க."

"இன்றைக்குத் தண்ணீர் வரவில்லையா?"

"வருது மேடம்."

"அப்போது யார் பிடிக்கிறார்கள்?"

"வீட்டு ஆம்பளைங்க."

வகுப்பே சிரித்தது. தலைவி அம்மாள் சிரிக்கவில்லை. "பார்க்கிறேன்" என்று எழுந்தார். படியிறங்கினார். பாதியில் நின்றார்.

பேரும் தண்ணீரும்

அங்கேதான் முதலில் உங்களை விட்டேன். குடங்கள், குழு, நனைந்த பனியன்கள்.

தலைவி அம்மாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த தொந்திகள், ஈர வேட்டி, தோளில் குடம் பதிந்த வட்டம். இதைச் சாக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

"யார் பிடித்தது இதெல்லாம்?"

பால்துரை அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஹம் லோக் பரா மேடம்." நாங்கள்தான் பிடித்தோம்.

"இவ்வளவும் உங்கள் வீட்டுக்கா?"

அண்ணாச்சி குனிந்து ஒரு குடத்தின் கழுத்தைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். மூன்றாவதைப் படிக்கும்போது முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சந்து முழுக்கத் தன் பெயரை நிரப்பி வைத்திருந்தவர், அத்தனையும் தன் வாசலுக்கே திரும்பி வந்து நிற்பதைப் பார்த்தார்.

"நாம் மேரா ஹை மேடம்" என்றார். பிறகு மெதுவாக, "பானி இன் லோக் கா" என்று மாடியைக் காட்டினார். பெயர் என்னுடையது, தண்ணீர் இவர்களுடையது.

தலைவி அம்மாள் அப்போதுதான் சிரித்தார். வாய்விட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பின்னாலிருந்து எஸ்தர், "மேடம், கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒதுங்கி இறங்கினாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்கள் வந்தார்கள். ஒருத்தியும் பெயரைப் படிக்கவில்லை. நூலைப் பார்த்தாள், நெளிவைத் தொட்டாள், தன் குடத்தை எடுத்தாள், இடுப்பில் வைத்தாள், போனாள். நாங்கள் முக்கி முனகிச் சேர்த்த குடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. பாதை தானாகத் திறந்தது.

எல்லாரும் திரும்பி வந்து வகுப்பில் உட்காரும்வரை தலைவி அம்மாள் கீழே இறங்கி நின்றார். பிறகு பால்துரை அண்ணாச்சியிடம் கேட்டார். "இன்னொரு நாள் வகுப்பு நேரத்தில் தண்ணீர் வந்தால்?"

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்லக்கனி எங்கள் கடைப்படியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அண்ணாச்சி சலவைக்கல்லை ஒருமுறை பார்த்தார்.

"ஜப் தக் காலேஜ், தப் தக் ஹம்" என்றார். கல்லூரி இருக்கும்வரை நாங்கள் தூக்குவோம்.

அங்கீகாரம் வந்தது! சந்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அப்படி வெடி போட்டதில்லை.

வளர்ந்தது

அதற்கப்புறம் நிற்க நேரமில்லை. தையல், கணக்கு, ஏசி மெக்கானிக், சமையல் என்று படிப்புகள் பெருகின. மாஹிம் எல்லையில் இரண்டு அறை எடுத்தோம், அதுவும் போதாமல் செம்பூரில் இடம் பார்த்தோம். அணுசக்தி நகரில் ஓய்வு பெற்ற எஞ்சினியர்கள் வந்து வயரிங் சொல்லிக்கொடுக்கிறார்கள். உல்லாஸ்நகரிலிருந்து பிள்ளைகள் ரயில் பிடித்து வருகிறார்கள். புதுக் கட்டடத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. ஆனால் தாராவி மாடியில் இன்றைக்கும் வகுப்பு நடக்கிறது, அங்கே குழாய் நேரம் மாறுகிற நாளில் ஆண்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். பால்துரை அண்ணாச்சிக்கு முட்டி வலி. தூக்குவதில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரையும் ஏவுகிறார். அதில் மட்டும் அவருக்கு எந்த வலியும் கிடையாது.

எஸ்தர் செம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில், ஒருநாள் வேலை முடிந்து வெள்ளை உடுப்போடு நேராக என் கடைக்கு வந்தாள். கடையிலேயே பெரிய குடம், குழாய் வைத்தது, அதைக் காட்டி எடுக்கச் சொன்னாள்.

"வீட்டுக்கா?"

"காலேஜுக்கு. பிள்ளைங்க குடிக்கத் தண்ணி வைக்க. சீரு அண்ணாச்சி."

சீர் என்றதும் கை தானாக மெஷினுக்குப் போனது. சீரென்றால் கொடுக்கிறவர் பெயர். அத்தனை வருடத்தில் என் மெஷின் மாமன் பெயரை வெட்டியிருக்கிறது, அப்பா பெயரை வெட்டியிருக்கிறது, அண்ணன்மார் பெயரை வெட்டியிருக்கிறது. கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் தனியாக வந்து நின்றதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துச் சமாளித்தேன்.

"அன்பளிப்பு எஸ்தர்னு போடவா?"

"ஆமா. முதல் அணின்னும் போடுங்க."

"எழுத்து எவ்வளவு பெருசுக்கு?"

அவள் யோசிக்கவேயில்லை. "பால்துரை மாமா பேரை விடப் பெருசா."

மெஷினைப் போட்டேன். கிர்ர்ர் என்று சந்து முழுக்கக் கேட்டது. ஏதோ வேலையாக வந்து பரணில் இருந்த ஜானகி மேடம் அன்றைக்குப் பலகையை உதைக்கவில்லை. ஏணிவழியே இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்று, கடைசி எழுத்து வெட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.